மைப்பேனாவுக்குத் தோல் கேஸ் வாங்கும்முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேனா சேர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்விகளில் பாதியாவது வந்துவிடும். கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறோம். ஒன்று முதல் மூன்று பேனா வரை செருகும் சிறிய பையை உறை என்றும், ஜிப் வைத்து இரண்டாக மடிவதைக் கேஸ் என்றும், பாய் போலச் சுருட்டி நாடாவால் கட்டுவதைச் சுருள் என்றும் கீழே எழுதியிருக்கிறோம்.

1. தோல் கேஸ் நிஜமாவே வேணுமா? சட்டைப் பையில் செருகினால் போதாதா?

ஒரே ஒரு பேனா வைத்திருப்பவருக்குச் சட்டைப் பையே போதும். கிளிப் இருப்பதே அதற்குத்தான். இரண்டாவது பேனா வந்ததும் நிலைமை மாறும். ஒன்றின் கிளிப் நுனி மற்றதன் உடலைக் கீறும். கைப்பையில் போட்டால் சாவியும் சில்லறையும் அந்த வேலையைச் செய்யும். மரையுள்ள மூடி பை குலுங்கக் குலுங்கத் தானாகக் கழன்று, நிப் மூடிக்குள் மோதும். பேனாக்களைத் தனித்தனியாகப் பிரித்து அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் கேஸின் வேலை.

மை காய்வதையோ கசிவதையோ எந்தக் கேஸும் தடுக்காது. காயாமல் வைப்பது மூடியின் பொறுப்பு. பிளாட்டினம் 3776 செஞ்சுரி மாதிரி உள்மூடி இறுகப் பொருந்தும் பேனாவில் 24 மாதம் வரை மை காயாது என்கிறது அந்த நிறுவனம். மூடி சரியாக அடைக்காத பேனாவை எவ்வளவு விலையுள்ள கேஸில் வைத்தாலும் ஒரே வாரத்தில் வறண்டுவிடும்.

2. எத்தனை பேனா பிடிக்கும் கேஸ் வாங்கலாம்?

உங்களிடம் மொத்தம் எத்தனை இருக்கிறது என்று எண்ணாதீர்கள். ஒரே நேரத்தில் எத்தனையில் மை இருக்கும் என்று பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு மூன்றைத் தாண்டாது. மூன்று பேனா உறை அல்லது ஆறு பேனா கேஸ் போதும். பன்னிரண்டு, இருபத்து நான்கு பேனா கேஸ்கள் கூட்டங்களுக்கு எடுத்துப்போய்க் காட்ட நன்றாக இருக்கும். தினமும் தூக்கிச் செல்ல ஏற்றவை அல்ல.

3. என் பேனா 14 செ.மீ. இருக்கு. "14 செ.மீ. கேஸ்" என்று போட்டிருப்பதை வாங்கினால் சரியா வருமா?

வராது. விற்பவர் போடும் அளவு பெரும்பாலும் வெளி அளவு. தையலும் ஜிப்பும் இரண்டு பக்கமும் சில மி.மீ. தின்றுவிடும். மூடி போட்ட நிலையில் பேனாவின் நீளத்தை அளந்து, அதோடு 8 முதல் 10 மி.மீ. கூட்டுங்கள். அந்த அளவு உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தோராயமான நீளங்கள் இவை: காவெகோ ஸ்போர்ட் 105 மி.மீ., லாமி சஃபாரி 140, பெலிக்கன் எம்800 142, மாண்ட்பிளாங்க் 149 ஏறக்குறைய 148 (149 என்பது மாடல் எண், நீளமும் அதையொட்டி வருவது தற்செயல்). கையால் கடைந்த எபனைட் (இறுக்கிய ரப்பர்) பேனாக்களில், ராஜமுந்திரி ரத்னம், திருவள்ளூர் ரங்கா போன்றவற்றில், சில மாடல்கள் 150 மி.மீ. தாண்டும். பொதுவான கேஸ்களில் இவைதான் முட்டும்.

தடிமனை அளப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பேனாவின் மிகத் தடித்த இடம் உடல் அல்ல, மூடி. அரை செ.மீ. அகலத்தில் ஒரு காகித நாடா வெட்டி, மூடியின் மேல் கிளிப்பையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றுங்கள். நாடாவின் இரு முனையும் சேரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, விரித்து, ஸ்கேலில் வையுங்கள். 54 மி.மீ. வந்தால் அதில் பாதி 27. அதோடு 3 கூட்டினால் 30. தட்டையாகக் கிடக்கும் அறையின் உள் அகலம் குறைந்தது அவ்வளவு வேண்டும். வட்டமான துளை என்றால் சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும்.

4. எலாஸ்டிக் வளையமா, தைத்த அறையா, சுருளா? எது நல்லது?

தைத்த அறைதான் எங்கள் முதல் தேர்வு. ஒவ்வொரு பேனாவுக்கும் இரண்டு பக்கமும் தோல் சுவர் இருக்கும். ஒன்றையொன்று தொடாது. எலாஸ்டிக் வளையம் பல தடிமனுக்கும் வளைந்துகொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் தடித்த பேனாவை அதில் சில மாதம் வைத்தால் வளையம் தளர்ந்து, பிறகு மெல்லிய பேனா அதில் நிற்காது. நம் ஊர் வெயிலில் எலாஸ்டிக் இன்னும் சீக்கிரம் செத்துவிடும். மெட்டல் பேனாவை வளையத்துக்குள் தள்ளும்போது எலாஸ்டிக்கின் ஓரத்தையும் பாருங்கள். தூசி படிந்த ஓரம் பளபளப்பான பூச்சில் மெல்லிய வளையக் கோடுகளை விட்டுவிடும்.

வளையக் கேஸ்தான் வாங்குகிறீர்கள் என்றால், இரண்டு வரிசைப் பேனாக்களுக்கும் நடுவில் ஒரு மடிப்புத் துணியோ தோலோ இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கேஸை மூடும்போது எதிரெதிர்க் கிளிப்புகள் நேராக முட்டிக்கொள்ளும்.

சுருள் எடை குறைவு, அளவிலும் தாராளம். மேலிருந்து அழுத்தம் விழுந்தால் மட்டும் பாதுகாப்பு இல்லை. மேசை மேல் வைத்திருக்க நல்லது. பேருந்து நெரிசலுக்கு அது சரிப்படாது.

5. "ஜெனுவின் லெதர்" என்று முத்திரை இருந்தால் நல்ல தோல்தானே?

அந்த முத்திரைக்குத் தோலும் சேர்ந்திருக்கிறது என்பதற்கு மேல் பொருள் இல்லை. தோலின் மேற்பரப்பைச் சீவாமல், இயற்கையான துளைகளோடு விட்டது ஃபுல் கிரெய்ன். கீறலும் தழும்பும் போக மேலே லேசாகத் தேய்த்துப் பூச்சு கொடுத்தது டாப் கிரெய்ன். அடியிலுள்ள நார்ப்பகுதியைப் பிரித்தெடுத்து மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டினால் அது ஸ்பிளிட். தோல் கழிவை அரைத்துப் பசையோடு தாளாக அழுத்தினால் பாண்டட். பின்னிரண்டும் "ஜெனுவின்" என்ற பெயரில் விற்பனைக்கு வருவதுண்டு.

வெட்டிய விளிம்பைப் பாருங்கள். நல்ல தோலில் நார் அடியிலிருந்து மேல்வரை தொடர்ச்சியாக இருக்கும், மேலே போகப்போக நெருக்கமாகும். ஸ்பிளிட்டில் மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கோடு தனியாகத் தெரியும். விளிம்பு முழுக்கப் பெயின்ட் பூசி மறைத்திருந்தால், கேஸை மடித்து வளைவைப் பாருங்கள். நல்ல தோலில் ஒழுங்கில்லாத நுண்சுருக்கம் விழும். பிளாஸ்டிக் படலத்தில் நேரான மடிப்புக் கோடு விழும்.

6. குரோம் பதனிட்டதா, பட்டை பதனிட்டதா? எதைக் கேட்டு வாங்குவது?

குரோமிய உப்பில் பதனிட்ட தோல் மென்மையானது. ஈரத்தை ஓரளவு தாங்கும், நிறமும் சீக்கிரம் மாறாது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தயாராவதில் பெரும்பகுதி இதுதான். பட்டை பதனிட்டது மரப்பட்டை, காய்களின் துவர்ப்பில் ஊறியது. ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடிப்பது தமிழ்நாட்டின் பழைய முறை. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கத்தில் வளர்ந்த இந்தத் தோல் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. பட்டைத் தோல் விறைப்பாக நிற்கும், ஈரமாக்கி அச்சில் அழுத்தினால் அந்த வடிவம் அப்படியே தங்கும், கைபடக் கைபடக் கருத்து மின்னும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கறை தங்கிவிடும் என்பது இதன் குறை.

ஜிப் கேஸுக்குக் குரோம், விறைப்பான ஒற்றை உறைக்குப் பட்டை. இதுவே எங்கள் சிபாரிசு. விற்பவருக்கே தெரியாவிட்டால் வெட்டு விளிம்பின் நடுவைப் பாருங்கள். சாயம் முழுதாக இறங்காத குரோம் தோலின் நடுவில் நீலம் கலந்த சாம்பல் கோடு ஒன்று தெரியும். பட்டைத் தோலில் அந்த இடம் பழுப்பாக இருக்கும்.

7. ரெக்சின் கேஸ் பாதி விலைதான். பேனாவைத்தானே காப்பாத்தணும், தோலா இருந்தா என்ன, ரெக்சினா இருந்தா என்ன?

வெளிப்பக்கம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, பேனாவைத் தொடும் உள்பக்கம்தான் முக்கியம். மிருதுவான பி.வி.சி. ரெக்சினை வளைய வைப்பதற்காகச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள், சூட்டில் மெல்ல வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கில் இறங்கும். வெயில் காலத்தில் பீரோவில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து எடுத்தால் பேனா பிசுபிசுக்கும், சில சமயம் உறையோடு ஒட்டியே வரும். பி.யூ. (பாலியூரித்தேன்) ரெக்சின் இப்படி ஒட்டாது. ஈரக் காற்றில் சிதைந்து செதில் செதிலாக உதிரும். துணி உள்பக்கம் இருக்கும் ரெக்சின் கேஸை ஒன்றிரண்டு வருடம் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

8. உள்ளே வெல்வெட் இருந்தால் ராஜா மாதிரி இருக்குமே?

பார்க்க அழகுதான். ஆனால் வெல்வெட்டின் மயிர்க்கால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தத் தூசியில் மணல் துகள் இருந்தால் ஒவ்வொரு முறை பேனாவை உருவும்போதும் உரசும். பஞ்சு உதிர்ந்து நிப்பின் பிளவில் சிக்கினால் எழுத்து திடீரென்று தடித்துப் பரவும், பேனாவில் கோளாறு என்று நினைத்து விடுவார்கள். நுண்ணிழைத் துணியோ நன்றாகச் சீவிய மெல்லிய ஸ்வேட் தோலோ (மேலே மென்மையான நார் எழும்பிய தோல்) மேல். எந்த உள்பக்கமானாலும் மாதம் ஒருமுறை கேஸைத் தலைகீழாகத் தட்டி, காய்ந்த பல் துலக்கும் பிரஷால் அறைகளைத் துழாவுங்கள்.

9. வெள்ளைப் பேனா வைத்திருக்கிறேன். சிவப்புத் தோலின் சாயம் ஒட்டுமா?

ஒட்டலாம். கறுப்பு, சிவப்பு, கருநீலத் தோல்களில், குறிப்பாகச் சாயமிட்ட ஸ்வேட் உள்பக்கத்தில், இது அடிக்கடி நடக்கிறது. வெள்ளைப் பருத்தித் துணியை லேசாக நனைத்துப் பிழிந்து, அறையின் உள்ளே விரலால் இருபது முறை தேயுங்கள். பிறகு காய்ந்த துணியால் இன்னொரு இடத்தில் தேயுங்கள். ஈரத் துணியில் மட்டும் கொஞ்சம் நிறம் வந்தால், ஈரக்கையோடு பேனாவைச் செருகாமல் இருந்தால் சமாளிக்கலாம். காய்ந்த துணியிலும் வந்தால் அதில் வெளிர்நிறப் பேனா வேண்டாம்.

10. மெட்டல் ஜிப், காந்தப் பொத்தான்: இதெல்லாம் பேனாவைக் கெடுக்குமா?

மெட்டல் ஜிப்பின் பல் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் ஓரத்துப் பேனாவைக் கீறும். ஜிப்புக்கும் பேனாவுக்கும் நடுவில் விரல் அகல இடமோ தோல் மடிப்போ இருந்தால் கவலை வேண்டாம். சந்தேகமாக இருந்தால் நைலான் ஜிப் வாங்குங்கள். மூலையில் வளையும் இடத்தில் ஜிப் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பத்து முறை இழுத்துப் பாருங்கள். ஜிப் முதலில் பழுதாகும் இடம் அந்த மூலைதான்.

காந்தம் நிப்பை ஒன்றும் செய்யாது. தங்க நிப்பைக் காந்தம் இழுக்கவே இழுக்காது, துருப்பிடிக்காத எஃகு நிப்பையும் இழுத்தால் லேசாகத்தான். பொத்தானின் உலோகத் தலை உள்பக்கம் மூடாமல் விட்டிருந்தால் மட்டும் அது பேனாவில் உரசும்.

11. மை நிரப்பிய பேனாவைக் கேஸில் படுக்க வைக்கலாமா?

பையில் போகும்போது நிப் மேல்நோக்கி இருக்க வேண்டும். கேஸின் எந்த முனை மேல் என்று வெளியே சின்னதாக ஓர் அடையாளம் வைத்துவிட்டால் குழப்பம் வராது. இரவு மேசையில் படுக்க வைப்பதால் குற்றமில்லை. நிப் கீழ்நோக்கி நிற்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

குழலுக்குள் நேரடியாக மை ஊற்றும் பேனாக்களுக்கு இது இன்னும் முக்கியம். மை பாதிக்குக் கீழே போனதும் மிச்ச இடத்தில் காற்று இருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கேஸ் கிடந்தால் அந்தக் காற்று விரிந்து மையை நிப் வழியாக மூடிக்குள் தள்ளும். தோல் அந்தச் சூட்டை அப்படியொன்றும் தடுக்காது. பாதி மை தீர்ந்ததும் நிரப்பிக்கொள்வதும், கழுத்து மரையில் கடுகளவு சிலிக்கான் கிரீஸ் தடவுவதும் நல்லது.

12. விமானத்தில் எடுத்துப்போகும்போது?

விமானத்தின் உள்ளழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்து மலைக்காற்றுக்குச் சமம். பேனாவுக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாக விரியும். ஆகவே பேனா நிறைய மை, அல்லது அறவே காலி. பாதி மை வேண்டாம். கேஸைக் கைப்பையில் நிப் மேல்நோக்கி வையுங்கள். மேலேறும்போதும் இறங்கும்போதும் பேனாவைத் திறக்காதீர்கள். நேர் மை ஊற்றிய பேனாவை முதலில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, பிறகு கேஸில் வைத்தால் பக்கத்துப் பேனாக்களும் தப்பிக்கும்.

13. வெள்ளிப் பேனா, பித்தளைப் பேனா, எபனைட் எல்லாவற்றையும் ஒரே கேஸில் போடலாமா?

ஒரு நாள் பயணத்துக்குப் போடலாம். மாதக்கணக்கில் கூடாது. எபனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். மூடிய இடத்தில் அதன் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும், மெல்லிய முலாம்களையும் மங்கச் செய்யும். பழைய பேனாக்களின் ரப்பர் மைப்பையும் இதே வேலையைச் செய்யும். பித்தளையும் செம்பும் பட்டைத் தோலின் அமிலத் தன்மையோடு சேர்ந்தால், குறிப்பாக மழைக்காலத்தில், தொட்ட இடத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அவற்றுக்குக் குரோம் தோலோ துணி உள்பக்கமோ பொருத்தம்.

பழைய செல்லுலாய்டு பேனா தனி ரகம். அது நைட்ரேட் கலந்த பிளாஸ்டிக், தானாகவே மெல்ல ஆவி விடும். அந்த ஆவி வெளியேற வழியில்லாமல் இறுக்கி மூடினால் அதுவே பேனாவைத் தின்னத் தொடங்கும். திறந்த தட்டில், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். உருஷி என்ற ஜப்பானிய அரக்குப் பூச்சுப் பேனா என்றால் முதலில் மென்துணி உறையில் போட்டு, பிறகு தோல் அறையில் செருகுங்கள்.

14. பயன்படுத்தாத பேனாக்களை வருடக்கணக்கில் கேஸிலேயே வைக்கலாமா?

எங்கள் பதில் வேண்டாம் என்பதுதான். நிரந்தரமாக வைக்க மரப்பெட்டியோ துணி விரித்த இழுப்பறையோ நல்லது. காற்றோட்டம் இருக்கும், எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கும் தெரியும். கேஸில்தான் வைக்க வேண்டும் என்றால் வெந்நீரில்லாமல் சாதாரணத் தண்ணீரில் நிறம் வராதவரை கழுவி, நிப்பை மெல்லிய காகிதத்தின் மேல் ஊன்றி, ஒரு நாள் முழுக்க உலரவிட்டுப் பிறகு வையுங்கள். கழுத்துக்குள் ஈரம் மிச்சமிருந்தால் அடுத்த கேள்விக்கு வந்துவிடுவீர்கள்.

15. மழைக்காலம் முடிஞ்சு எடுத்தா கேஸில் வெள்ளையா பூஞ்சணம். என்ன செய்ய?

காற்றின் ஈரப்பதம் 65-70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் தோலில் பூஞ்சணம் வரும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது வருடாவருடம் வரும் தொல்லை. பேனாக்களை வெளியே எடுங்கள். கேஸை மொட்டைமாடிக்கோ பால்கனிக்கோ கொண்டுபோய் காய்ந்த துணியால் துடையுங்கள். வீட்டுக்குள் துடைத்தால் வித்துகள் மற்ற தோல் பொருள்களுக்கும் பரவும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை அதில் நனைத்துப் பிழிந்து ஒருமுறை துடையுங்கள். நிறம் போகிறதா என்று முதலில் மறைவான மூலையில் பார்த்துவிடுங்கள். நிழலில், விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலரட்டும். நேர் வெயில் பட்டால் தோல் சுருங்கி விறைத்துவிடும்.

திரும்ப வராமலிருக்க, காற்றுப் புகாத டப்பாவில் கேஸோடு இரண்டு 10 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது மாற்றுவது என்று தெரியும். அதற்கு மேல் அள்ளிப் போடாதீர்கள், தோல் வறண்டு வெடிக்கும். செல்லுலாய்டு பேனாவை இந்த டப்பாவில் வைக்கக் கூடாது. காரணம் 13இல் இருக்கிறது.

16. தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் பளபளன்னு இருக்குமாம். பாச்சை உருண்டை போட்டால் பூச்சி வராதாம். சரியா?

இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் முதல் வாரம் பளபளக்கும். பிறகு தோல் திட்டுத் திட்டாகக் கறுத்து, எண்ணெய் சிக்கடித்து நாறும், தூசியையும் இழுக்கும். நிறமில்லாத தோல் கிரீம் பட்டாணி அளவு எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிப்பக்கம் மட்டும் தடவி, ஒரு நாள் காலியாக விட்டுப் பயன்படுத்துங்கள். உள்பக்கம் எதையும் தடவாதீர்கள். பாச்சை உருண்டையின் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக வைக்கும். பீரோவில் துணிகளுக்காக உருண்டை போட்டிருந்தால் பேனா கேஸை வேறு அலமாரிக்கு மாற்றுங்கள்.

17. கேஸுக்குள்ளேயே மை கொட்டிவிட்டது. போகுமா?

பூச்சு கொடுத்த குரோம் தோலின் வெளிப்பக்கம் என்றால் உடனே ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் போகும். பட்டைத் தோலிலும் ஸ்வேட்டிலும் கறை நிரந்தரம். அங்கே கறையைப் போக்கப் பார்க்காதீர்கள், அடுத்த பேனாவில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிஷ்யூவைச் சுருட்டி அறைக்குள் செருகி, நிறம் ஏறாதவரை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு நன்றாக உலரவிட்டு, 9இல் சொன்ன வெள்ளைத் துணிச் சோதனையைச் செய்யுங்கள். சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர், பிளீச்சிங் பவுடர் மூன்றும் மையைவிடத் தோலைத்தான் முதலில் எடுக்கும்.

18. கடையில் என் அளவுக்குக் கிடைக்கவில்லை. சொல்லித் தைக்கலாமா?

தாராளமாக. சென்னைப் பெரியமேட்டில் தோல் சதுர அடிக் கணக்கில் கிடைக்கும். மூன்று பேனா உறைக்கு ஒன்றரை சதுர அடி வாங்கினால் வெட்டுக் கழிவும் அடங்கிவிடும். வெளித்தோல் 1.2 முதல் 1.4 மி.மீ., நடுத் தடுப்புகள் 0.8 முதல் 1 மி.மீ. கனம் கேளுங்கள். மொத்தமும் கனத்த தோலில் தைத்தால் உறை செங்கல் மாதிரி ஆகிவிடும். நூல் மெழுகிட்ட பாலியெஸ்டர், தையல் இடைவெளி 3 முதல் 4 மி.மீ. பை தைப்பவர்கள் வழக்கமாக மேல் விளிம்பில் ஒரு தையல் ஓட்டுவார்கள். பேனா நுழையும் வாயில் அந்த நூல் உள்பக்கம் துருத்தாமல் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பேனாவையே கொடுத்துவிட்டு வர மனம் வராது. 3இல் எழுதிக்கொண்ட அளவுகளோடு, அதே நீளமும் தடிமனும் உள்ள மார்க்கர் பேனா ஒன்றைக் கொடுங்கள். புதுத் தோல் தளரும் என்பதால் முதல் வாரம் சற்று இறுக்கமாக இருப்பதே சரி. கவிழ்த்துக் குலுக்கினால் பேனா நகரக் கூடாது, மேலே பிடித்து இழுத்தால் வந்துவிட வேண்டும்.

19. தாத்தாவின் பேனாவோடு அவர் வைத்திருந்த தோல் உறையும் கிடைத்தது. அதையே பயன்படுத்தலாமா?

வெள்ளைத் துணியால் உறையைத் துடைத்துப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் ஒட்டினால் பட்டைத் தோலின் நார் அமிலத்தில் மட்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தத் தூள் மரையில் இறங்கும், உலோகத்தை மங்கச் செய்யும். எந்தக் கிரீமும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது, எண்ணெய் தடவினால் இன்னும் கறுத்து உதிரும். உறையை அமிலமில்லாத வெள்ளைத் தாளில் சுற்றித் தனியாக எடுத்துவையுங்கள். பேனாவுக்கு வேறு உறை வாங்குங்கள்.

தூள் வராமல், மடித்தாலும் வெடிக்காமல் இருந்தால் பயன்படுத்தலாம். பழைய உறைகள் அந்தக் காலத்து மெல்லிய பேனாக்களுக்குத் தைத்தவை. இன்றைய தடித்த பேனாவை அதில் திணித்தால் பக்கத் தையல் முதல் நாளே பிரிந்துவிடும். தாத்தாவின் பேனா செல்லுலாய்டோ எபனைட்டோ என்றால், உறையில் நிரந்தரமாக வைக்குமுன் 13ஐ ஒருமுறை படித்துவிடுங்கள்.